செல்போனை வைத்துப் படகின் நிலைத்தன்மையை அளப்பது எப்படி: டின் படகு முதல் தெப்பக்குளம் வரை முழுமையான வழிகாட்டி

படகில் ஏறிய ஐந்து நிமிடத்தில் நாம் எல்லோரும் ஒரு தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். மெதுவாக, சுகமாக ஆடினால் நல்ல படகு. வெடுக் வெடுக்கென்று ஆட்டிப் போட்டால் மோசமான படகு. நிலைத்தன்மையைப் பொறுத்தவரை உண்மை பெரும்பாலும் இதற்கு நேர் எதிர். சட்டென்று சாய்ந்து சட்டென்று நிமிரும் படகில் நிமிர்த்தும் விசை வலுவாக இருக்கிறது. சாய்ந்த பிறகு, எழலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் மெல்ல நிமிரும் படகில் அந்த விசை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. வயிற்றைக் கலக்காத படகு என்பதும் கவிழாத படகு என்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள்.

இதை உடம்பால் உணர்ந்து முடிவு செய்ய வேண்டாம், அளந்தே பார்க்கலாம். அதற்கான கருவி எல்லார் பையிலும் இருக்கிறது. மதுரை கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்தான். ஆனால் தண்ணீர் இருக்கிற நாட்களில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் படகு ஓடுகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் மரைன் படிப்புக்கும் கப்பல் வேலைக்கும் போகிறார்கள். விடுமுறை என்றால் பாதி மதுரை தேக்கடிக்குக் கிளம்பிவிடும். அந்தத் தேக்கடி ஏரி, 1895இல் திறந்த முல்லைப் பெரியாறு அணை தேக்கி வைத்த தண்ணீர். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் வைகைக்கு வருவதும் அதுதான். 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே 'ஜலகன்னிகா' என்ற இரட்டை அடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் படகு சாய்ந்தது. ஒரு பக்கம் ஆட்கள் கூடினால் படகு எவ்வளவு சாயும் என்பது முன்கூட்டியே கணக்கிடக்கூடிய எண். இந்த வழிகாட்டியின் கடைசிப் பகுதியில் அந்தக் கணக்கைப் போடுவோம். அதற்கு முன் ஒரு எண்ணெய் டின்னில் பழகிக்கொள்வோம்.

எதை அளக்கப் போகிறோம்

படகின் மொத்த எடையும் ஒரு புள்ளி வழியாகக் கீழ்நோக்கி இழுக்கிறது. அது ஈர்ப்பு மையம். தண்ணீர் மேல்நோக்கித் தள்ளுவதும் ஒரு புள்ளி வழியாகத்தான். அது மிதப்பு மையம், தண்ணீருக்குள் மூழ்கிய பகுதியின் நடுப்புள்ளி. படகு நேராக நிற்கும்போது இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும். வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் அதிகமாக மூழ்கும், அதனால் மிதப்பு மையமும் வலப்பக்கம் நகரும். அங்கிருந்து நேர் மேலே ஒரு கோடு இழுத்தால் அது படகின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அந்த இடத்துக்குப் பெயர் மெட்டாசென்டர். 1746இல் பியர் பூகே என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தக் கருத்தை வெளியிட்டார். இன்றுவரை கப்பல் கட்டுகிறவர்களின் அடிப்படை இதுதான்.

சுவரில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டுகிறோம். கையால் தள்ளினால் ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்துவிடும், ஏனென்றால் எடை ஆணிக்குக் கீழே தொங்குகிறது. படகுக்கு மெட்டாசென்டர்தான் அந்த ஆணி. ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருக்கும்வரை படகு நிமிரும். மேலே போனால் நேராக நிற்கவே முடியாது. இரண்டுக்கும் இடையே உள்ள உயரத்தை ஜி.எம். என்று குறிப்பார்கள். நாம் அளக்கப் போவது இந்த ஒரே ஒரு உயரத்தைத்தான்.

ஜி.எம். எவ்வளவு இருக்க வேண்டும்? சர்வதேச விதிகளின்படி சரக்குக் கப்பலுக்குக் குறைந்தபட்சம் 0.15 மீட்டர், ஒரே தளமுள்ள மீன்பிடிக் கப்பலுக்கு 0.35 மீட்டர். தூத்துக்குடித் துறைமுகத்தில் மலைபோல் நிற்கும் கப்பலுக்கும் இவ்வளவு சின்ன எண்தான் எல்லை என்பது முதல்முறை கேட்பவர்களை வியக்க வைக்கும்.

இதை அளக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சாய்வுச் சோதனை: தெரிந்த எடையைத் தெரிந்த தூரம் பக்கவாட்டில் நகர்த்தி, படகு எவ்வளவு சாய்கிறது என்று பார்ப்பது. இன்னொன்று ஆட்டச் சோதனை: படகை ஆட்டிவிட்டு, ஒரு முழு ஆட்டத்துக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது. முதலாவது துல்லியமானது, இரண்டாவது வேகமானது. இரண்டையும் செய்துவிட்டு ஒப்பிட்டால்தான் கிடைத்த எண்ணை நம்பலாம்.

போனுக்குள் இருக்கும் இரண்டு சென்சார்

சாய்வுச் சோதனைக்கு ஆக்சிலரோமீட்டர். ஆட்டச் சோதனைக்கு ஜைரோஸ்கோப். இதை மாற்றிச் செய்தால் எல்லாமே தவறிப்போகும், அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆக்சிலரோமீட்டர் என்பது சிலிக்கான் சில்லுக்குள் நுண்ணிய வில்களில் நிற்கும் ஒரு சிறு நிறை. போன் அசையாமல் இருக்கும்போது அது உணர்வது புவியீர்ப்பை மட்டும்தான். எனவே எந்தப் பக்கம் கீழே என்று அதற்குத் துல்லியமாகத் தெரியும். முப்பது நொடி சராசரி எடுத்தால் ஒரு டிகிரியில் நூறில் சில பங்கு மாற்றத்தைக்கூடப் பிடித்துவிடலாம். ஆனால் போனே ஆடிக்கொண்டிருந்தால் புவியீர்ப்பையும் ஆட்டத்தின் முடுக்கத்தையும் அதனால் பிரிக்க முடியாது. எவ்வளவு பிசகும்? 0.9 நொடிக்கு ஒருமுறை ஆடும் சின்ன மாதிரிப் படகில், ஆடும் அச்சுக்கு 15 செ.மீ. மேலே போனை வைத்தால், 5 டிகிரி ஆட்டத்தை ஏறக்குறைய 9 டிகிரி என்று காட்டும். இது போனில் உள்ள கோளாறு இல்லை, இயற்பியல் அப்படி.

ஜைரோஸ்கோப் அளப்பது எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை. படகின் எந்த மூலையில் வைத்தாலும் திரும்பும் வேகம் ஒன்றுதான், அதனால் இடம் அதைப் பாதிக்காது. அதன் குறை வேறு: வேகத்தைக் கூட்டிக் கூட்டிக் கோணமாக மாற்றினால் சிறு பிழைகளும் சேர்ந்து, சில நிமிடத்தில் கோணம் விலகிப் போய்விடும். நமக்கு வேண்டியது ஆட்டத்தின் கால அளவு மட்டுமே. அதற்குக் கோணமாக மாற்ற வேண்டியதே இல்லை.

போனில் திசைகாட்டியும் உண்டு. அதைத் தொடவே வேண்டாம். இரும்புப் படகும் எஞ்சினும் அதை ஏமாற்றிவிடும். சில ஆப்கள் மூன்று சென்சாரையும் கலந்து ஒரே கோணமாகக் காட்டும், அவற்றையும் தவிர்த்துவிடுங்கள். ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தரும் ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப் இந்த வேலைக்குப் போதும். ஆக்சிலரோமீட்டர், ஜைரோஸ்கோப், சாய்வு மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கின்றன. அளவுகளை எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். தொலைவிலிருந்து இயக்கும் வசதியும் உண்டு, இன்னொரு போனின் பிரவுசரில் வரைபடத்தைக் கரையில் நின்றபடியே பார்க்கலாம். விலை குறைந்த சில போன்களில் ஜைரோஸ்கோப் இருப்பதில்லை. ஆப்பைத் திறந்தாலே தெரிந்துவிடும்.

டின் படகு

கடைகளில் 15 கிலோ எண்ணெய் வரும் சதுர டின் இருக்கிறதல்லவா, அது ஒன்று வாங்குங்கள். சுமார் 23.5 செ.மீ. அகலம், அதே உயரம், 35 செ.மீ. நீளம் இருக்கும். உங்களிடம் உள்ள டின்னை நீங்களே அளந்துகொள்ளுங்கள். படுக்க வைத்து மேல்பக்கத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டால் நீள்சதுரப் படகு தயார். வெட்டிய விளிம்பைச் சுத்தியலால் மடித்துத் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் கையைக் கிழித்துவிடும். மூடி இருக்கும் பக்கத்தை எம்-சீல் போட்டு அடையுங்கள்.

அப்புறம் 6.5 கிலோ உலர்ந்த மணல். சின்னச் சின்னப் பைகளில் கட்டி அடியில் நெருக்கி அடுக்குங்கள், நகரக் கூடாது. டின்னின் மேல் குறுக்காக ஒரு பலகையைக் கட்டுங்கள். பலகையின் நடுவில் ஒரு கோடு, அதற்கு இரு பக்கமும் 9 செ.மீ. தள்ளி ஒவ்வொரு கோடு. நகர்த்துவதற்கு மளிகைக்கடை 200 கிராம் எடைக்கல். சமையலறைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள்: மணல் 6.5, டின் 1, பலகையும் போனும் எடைக்கல்லும் சேர்ந்து 0.7. மொத்தம் 8.2 கிலோ. இந்த எண்களை வைத்தே கீழே கணக்குப் போடுகிறேன். உங்கள் டின்னுக்கு எண்கள் கொஞ்சம் மாறும், செய்முறை மாறாது.

எங்கே மிதக்க விடுவது? வாளியும் வேண்டாம், குளியலறைத் தொட்டியும் வேண்டாம். படகு ஆடும்போது எழும் சிற்றலை சுவரில் பட்டுத் திரும்பிவந்து ஆட்டத்தைக் கெடுக்கும். சோழவந்தான், மேலூர்ப் பக்கம் வயல்காட்டில் பம்புசெட்டுத் தொட்டி இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. மோட்டாரை நிறுத்தித் தண்ணீர் அடங்கும்வரை காத்திருங்கள். காற்று இல்லாத காலை நேரம் நல்லது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆடி மாதத்தில் திறந்தவெளியில் இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

போனைப் பொருத்தும் விதம்

உறையைக் கழற்றிவிடுங்கள். போனின் நீளவாக்கு படகின் நீளவாக்கோடு ஒத்திருக்கட்டும், திரை மேலே பார்க்கட்டும். இரட்டைப் பக்க டேப் போட்டு நடுக்கோட்டின் மேல் ஒட்டுங்கள். தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டால், பைக்குள் போன் வழுக்காதபடி இறுக்கிக் கட்டுங்கள். இப்படி வைத்தால் போனின் நீளவாட்டு அச்சு, அதாவது ஆப்பில் ஒய் என்று வருவது, படகின் ஆடும் அச்சோடு இணையாகிவிடும். ஜைரோஸ்கோப்பில் ஒய் வரைபடத்தை மட்டும் பார்த்தால் போதும். சாய்வுக்கு எக்ஸ் அளவை இசட் அளவால் வகுத்தால் அது டேன் மதிப்பு. ஆப்பில் உள்ள சாய்வுப் பகுதியும் இதே வேலையைச் செய்து டிகிரியில் காட்டும்.

ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வைஃபை மட்டும் இருக்கட்டும். நடுவில் ஒரு அழைப்பு வந்து போன் அதிர்ந்தால் அந்த அளவு வீண்.

வெயில் விஷயத்தில் கவனம் தேவை. இந்தச் சென்சார்கள் சூடேறினால் அவற்றின் பூஜ்ய அளவு மெல்ல நகரும். மதுரை வெயிலில் கறுப்பு போனைப் பத்து நிமிடம் திறந்து வைத்தால் தொடவே முடியாது, சென்சார் எப்படி நிலையாக இருக்கும்? மேலே ஒரு வெள்ளைத் துணியையோ அட்டையையோ நிழலாகக் கட்டுங்கள். அளவைத் தொடங்கும் முன் போனைப் பத்து நிமிடம் அதே இடத்தில் விட்டு, அங்குள்ள வெப்பத்துக்குப் பழகவிடுங்கள்.

சாய்வுச் சோதனை

எடைக்கல் நடுக்கோட்டில் இருக்கட்டும். படகு அடங்கியதும் முப்பது நொடி பதிவு செய்து சராசரியை எழுதுங்கள். பூஜ்யம் வராது, 0.40 டிகிரி என்று ஏதாவது வரும். போன் சமமாக ஒட்டாததும், சென்சாரின் பிறவிப் பிழையும், படகின் சின்னச் சாய்வும் சேர்ந்த எண் அது. அதைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம், கணக்கில் தானே கழிந்துவிடும்.

எடைக்கல்லை வலப்பக்கக் கோட்டுக்கு நகர்த்துங்கள். தூக்கி வைக்காமல் பலகையின் மேலேயே தள்ளுங்கள். உயரம் மாறினால் ஈர்ப்பு மையமும் மாறிவிடும். படகு அடங்கட்டும், முப்பது நொடி, சராசரி. பிறகு இடப்பக்கக் கோடு. பிறகு மறுபடி நடு. கடைசியில் எடுத்த நடு அளவு முதலில் எடுத்ததோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லையென்றால் மணல் நகர்ந்திருக்கிறது, அல்லது தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது, அல்லது போன் சூடேறிவிட்டது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டு முதலிலிருந்து எடுங்கள்.

இப்போது கணக்கு:

ஜி.எம். = (நகர்த்திய எடை × நகர்த்திய தூரம்) ÷ (மொத்த எடை × டேன் சாய்வுக்கோணம்)

வலப்பக்கம் 3.29, இடப்பக்கம் −2.49 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 5.78 டிகிரி. இது கல் 18 செ.மீ. நகர்ந்ததற்கான சாய்வு. இவ்வளவு சின்னக் கோணங்களுக்கு டிகிரியை 0.01745ஆல் பெருக்கினாலே டேன் மதிப்பு கிடைத்துவிடும்: 0.1009. மேலே 0.2 × 18 = 3.6. கீழே 8.2 × 0.1009 = 0.827. வகுத்தால் ஜி.எம். 4.35 செ.மீ.

கோணம் பக்கத்துக்கு 4 டிகிரியைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் மெட்டாசென்டர் ஒரே புள்ளியில் நிற்கிறது என்ற அனுமானமே தளர ஆரம்பிக்கும். ஒரு டிகிரிக்கும் கீழே என்றால் காற்றும் சிற்றலையும் அளவை விழுங்கிவிடும். பெரிய கப்பலில் இதே சோதனைக்கு நீளமான தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் அடியை எண்ணெய்த் தொட்டியில் அமிழ்த்தி, ஸ்கேலில் அளப்பார்கள். நம் போன் அந்தத் தூக்குக்குண்டின் இடத்தைத்தான் பிடித்திருக்கிறது.

கிடைத்த எண் சரியா என்று காகிதத்திலும் பார்த்துவிடலாம். டின் நேர்ச்சுவர் உள்ள பெட்டி என்பதால் இது சுலபம். 8.2 கிலோ தண்ணீரை விலக்க 35 × 23.5 செ.மீ. அடி உள்ள டின் 10 செ.மீ. ஆழம் மூழ்கும். மிதப்பு மையம் அதில் பாதி, அடியிலிருந்து 5 செ.மீ. அங்கிருந்து மெட்டாசென்டர் இருக்கும் உயரம், அகலத்தின் வர்க்கத்தை 12 மடங்கு ஆழத்தால் வகுத்தால் வரும்: 552 ÷ 120 = 4.6. ஆக மெட்டாசென்டர் அடியிலிருந்து 9.6 செ.மீ. ஈர்ப்பு மையத்துக்கு ஒவ்வொரு எடையையும் அதன் உயரத்தால் பெருக்கிக் கூட்டுங்கள்: மணல் 6.5 × 2.5, டின் 1 × 9, பலகைச் சாமான்கள் 0.7 × 24. கூட்டினால் 42. அதை 8.2ஆல் வகுத்தால் 5.1. வித்தியாசம் 4.5 செ.மீ. போன் சொன்னது 4.35. மணல் எடுத்த மேடுபள்ளத்தை நினைத்தால் இது நல்ல பொருத்தம்.

அந்த அகலத்தின் வர்க்கத்தைக் கவனியுங்கள். அகலம் இரட்டிப்பானால், மூழ்கும் ஆழம் மாறாதவரை, அந்த உயரம் நான்கு மடங்காகும். தைப்பூசத்தன்று மீனாட்சியும் சுந்தரேசுவரரும் வலம் வரும் தெப்பம் உயர்ந்த அலங்காரத்தைச் சுமந்தும் குலுங்காமல் நகர்வதற்கு அதன் அகலம் ஒரு முக்கியக் காரணம்.

ஆட்டச் சோதனை

எடைக்கல்லை நடுவில் வைத்து, ஜைரோஸ்கோப் பதிவைத் தொடங்குங்கள். டின்னின் ஒரு விளிம்பை விரலால் மெல்ல அழுத்திச் சட்டென்று விடுங்கள். கையைத் தண்ணீரில் விடக் கூடாது. வரைபடம் மேலும் கீழுமாக அலைந்து மெல்லச் சிறுத்துக்கொண்டே வரும். கோடு பூஜ்யத்தைக் கீழிருந்து மேலே கடக்கும் நேரங்களைக் குறியுங்கள். முதல் ஆட்டத்தை விட்டுவிடுங்கள், அதில் உங்கள் விரலின் வேலையும் கலந்திருக்கும். அடுத்த நான்கைந்து ஆட்டத்தின் மொத்த நேரத்தை எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் ஆட்டத்தின் காலம் கிடைக்கும். பெட்டி வடிவத்தின் கூர்மூலைகள் ஆட்டத்தைச் சீக்கிரம் அடக்கிவிடும், நான்கு ஆட்டம் தெளிவாகக் கிடைத்தாலே போதும். நிறுத்துக்கடிகாரத்தில் இதை எடுக்கவே முடியாது. போன் நொடிக்கு நூறு அளவுக்கு மேல் எடுப்பதால்தான் சாத்தியமாகிறது.

காலம் = 0.8 × அகலம் ÷ ஜி.எம்.மின் வர்க்கமூலம்

எல்லாம் மீட்டரில், விடை நொடியில். நம் டின்னுக்கு 0.8 × 0.235 ÷ 0.2086, அதாவது சுமார் 0.9 நொடி. அந்த 0.8 என்பது மாறாத எண் இல்லை. எடை படகின் நடுவில் குவிந்திருக்கிறதா, ஓரங்களில் பரவியிருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். அதனால்தான் முதலில் சாய்வுச் சோதனையில் ஜி.எம்.மைத் துல்லியமாக எடுத்து, ஆட்டச் சோதனையில் காலத்தை எடுத்து, இரண்டையும் வைத்து உங்கள் படகுக்கே உரிய எண்ணைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அது தெரிந்துவிட்டால், அதே படகில் அடுத்தமுறை எடைக்கல்லே வேண்டாம். ஆட்டிவிட்டுக் காலத்தைப் பார்த்தால் போதும்.

இனி, தொடக்கத்தில் சொன்னதைக் கண்ணால் பார்க்கும் நேரம். அடியிலிருந்து ஒரு கிலோ மணல் பையை எடுத்துப் பலகையின் மேல், நடுவில், இறுக்கிக் கட்டுங்கள். மொத்த எடை மாறவில்லை, மூழ்கும் ஆழம் மாறவில்லை. ஒரு கிலோ மட்டும் 23 செ.மீ. மேலே போயிருக்கிறது. ஈர்ப்பு மையம் 23 ÷ 8.2, அதாவது 2.8 செ.மீ. உயரும். ஜி.எம். 4.35இலிருந்து 1.55க்கு இறங்கும். ஆட்டக் காலம் 0.9இலிருந்து 1.5 நொடிக்குப் போகும். பார்க்கிறவர்கள் எல்லோரும் இப்போதுதான் படகு சாந்தமாக இருக்கிறது என்பார்கள். போனை அவிழ்த்துவிட்டு, இன்னொரு கிலோவையும் மேலே ஏற்றிப் பாருங்கள். டின் நேராக நிற்காது, ஏதாவது ஒரு பக்கம் சரிந்துவிடும்.

மாணவர்களோடு செய்யும்போது நான் இந்த இடத்தில் அவசரப்படுவதே இல்லை. அரைக் கிலோ அரைக் கிலோவாக மேலே ஏற்றி, ஒவ்வொரு முறையும் காலத்தை எடுக்கச் சொல்வேன். கவிழ்வதற்கு முன்னால் படகு எவ்வளவு அமைதியாகிவிடுகிறது என்பதை அந்த வரைபடத்தில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

இந்தச் சோதனைக்குப் பழைய முன்னோடி ஒன்று உண்டு. 1628இல் ஸ்வீடனின் வாசா போர்க்கப்பலைக் கடலுக்கு அனுப்பும் முன், முப்பது பேரை மேல்தளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டுப் பார்த்தார்கள். மூன்று முறை ஓடியதுமே கப்பல் சாய்ந்த சாய்வைப் பார்த்துச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் கப்பலை அனுப்பினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டு 10 அன்று, முதல் பயணத்திலேயே, ஸ்டாக்ஹோம் துறைமுகத்தைக்கூடத் தாண்டாமல் அது மூழ்கியது.

டின்னில் இன்னொன்றும் பார்க்கலாம். மணலின் மேல் அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து அளந்தால், அதே எடை மணலை வைத்ததைவிட ஜி.எம். குறைவாக வரும். சாயும் பக்கமே தண்ணீரும் ஓடுவதுதான் காரணம். நீளவாக்கில் நடுவே ஒரு தடுப்பு வைத்தால் அந்தக் கேடு நாலில் ஒரு பங்காகிவிடும். படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று படகோட்டிகள் சொல்வது எடைக்காக மட்டும் இல்லை.

உண்மையான படகில்

முதலில் அனுமதி. தெப்பக்குளம் மீனாட்சி அம்மன் கோயில் நிர்வாகத்தில் இருப்பது. படகு ஓட்டுகிறவர்களிடமும் பேசிவிடுங்கள். பனையூர்க் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து குளம் நிறைந்திருக்கும் காலம் பார்த்து, சவாரி தொடங்கும் முன் காலையில் செய்வது எல்லாருக்கும் வசதி. படகில் இருவருக்கு மேல் வேண்டாம், இருவரும் லைஃப் ஜாக்கெட் போட்டு, நீச்சல் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். மற்ற பயணிகளின் எடைக்கு இருக்கைகளில் மணல் மூட்டைகளைக் கட்டிவிடுங்கள். படகு தரைதட்டாமல் மிதக்க வேண்டும். கட்டிய கயிறுகள் தொய்வாக இருக்கட்டும், விறைப்பான கயிறு படகைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே தேங்கிய தண்ணீரை ஒட்ட இறைத்துவிடுங்கள்.

இங்கே கடினமான எண் படகின் சொந்த எடை. கட்டியவரிடமோ பதிவுச் சான்றிலோ கேட்டு வாங்குங்கள். மூட்டைகளையும் ஆட்களையும் தராசில் நிறுத்து அதோடு சேருங்கள்.

எடுத்துக்காட்டுக்கு 2 மீட்டர் அகலம், 600 கிலோ எடையுள்ள ஃபைபர் படகு. பத்துப் பேருக்கு ஈடான 600 கிலோ. மொத்தம் 1200. அதில் 60 கிலோவை ஒரு மீட்டர் நகர்த்தினால் 3 டிகிரி சாய்கிறது என்றால், 60 × 1 ÷ (1200 × 0.0524), ஜி.எம். 0.95 மீட்டர். ஆட்டக் காலம் சுமார் 1.6 நொடி வர வேண்டும். விளிம்பைக் கையால் தாளத்தோடு அழுத்தி ஆட்டிவிட்டுச் சரிபாருங்கள்.

இப்போது அந்தப் பத்துப் பேரும் உண்மையிலேயே படகில் இருப்பதாக வைத்துக்கொண்டு, காகிதத்தில் மட்டும் கணக்குப் போடுங்கள். உட்கார்ந்திருக்கும் ஆள் எழுந்து நின்றால் அவருடைய ஈர்ப்பு மையம் சுமார் 0.3 மீட்டர் உயரும். பத்துப் பேரும் எழுந்தால் படகின் ஈர்ப்பு மையம் 600 × 0.3 ÷ 1200, அதாவது 0.15 மீட்டர் ஏறும். ஜி.எம். 0.80 ஆகும். நின்றபடியே எல்லோரும் ஒரு பக்கமாக 0.6 மீட்டர் நகர்ந்தால், டேன் மதிப்பு 600 × 0.6 ÷ (1200 × 0.8) = 0.375. கிட்டத்தட்ட 21 டிகிரி. தண்ணீர் மட்டத்துக்கு மேல் படகின் விளிம்பு 0.4 மீட்டர் இருந்தால், 22 டிகிரியில் அது தண்ணீரைத் தொட்டுவிடும். இவ்வளவு பெரிய கோணத்துக்கு நம் எளிய சூத்திரம் துல்லியமாக இருக்காது, நேர்ச்சுவர்ப் படகு இதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாயும். ஆனால் இதெல்லாம் ஆட்கள் மெல்ல நகர்ந்தால். எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் ஒரு கணத்துக்குப் படகு ஏறக்குறைய இரு மடங்கு கோணம் வரை போகலாம். மேலே இரண்டாவது தளம் இருந்து, ஆட்கள் அங்கே ஏறியிருந்தால் 0.3க்குப் பதிலாக இரண்டு மீட்டருக்கு மேல் போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கைப் படகோட்டிக்குச் சொல்லும்போது சூத்திரம் வேண்டாம். எத்தனை பேர் ஒரு பக்கம் வந்தால் விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை விரற்கடை தள்ளி இருக்கும் என்று சொல்லுங்கள். அது உடனே போய்ச் சேரும்.

போன் அளவு சட்டப்படியான சான்று ஆகாது. படகுகளின் பதிவுக்கும் ஆய்வுக்கும் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இருக்கிறது, எத்தனை பேர் ஏறலாம் என்பதைச் சொல்ல வேண்டியது அதற்கான அதிகாரிகள். நம் எண் அந்த எல்லையைக் கூட்டுவதற்கு ஒருபோதும் பயன்படக் கூடாது. சந்தேகம் வந்தால் குறைப்பதற்குப் பயன்படலாம்.

அதன் உண்மையான பயன் தொடர்ந்து கண்காணிப்பதில் இருக்கிறது. காலிப் படகில், அதே இடத்தில் போனை வைத்து, மாதம் ஒருமுறை ஆட்டக் காலத்தை எடுத்துத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். 1.6 நொடியாக இருந்தது 1.9 ஆகிவிட்டால், 1.6ஐ 1.9ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: 0.71. அதாவது ஜி.எம். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இழந்துவிட்டது. அடியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, வெயிலுக்காக மேலே புதுக் கூரை போட்டார்களா, கனமான பொருளை மேலே மாற்றி வைத்தார்களா, ஃபைபர் அடுக்குக்குள் தண்ணீர் ஊறியிருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். காரணம் தெரியும்வரை அந்தப் படகில் ஆள் ஏற்ற வேண்டாம்.